முதல் உலகப் போருக்கு முந்தைய அதிகாரச் சமநிலை

முதல் உலகப் போருக்கு முந்தைய அதிகாரச் சமநிலை என்பது, 1871 ஆம் ஆண்டு முதல் 1914 ஆகஸ்ட் வரை ஐரோப்பிய வல்லரசுகளிடையே படைவலிமை, பொருளாதார வலிமை, கூட்டணி உறவுகள் ஆகியன பகிர்ந்து அமைந்திருந்த நிலையைக் குறிக்கும். பிரித்தானியா, பிரான்சு, ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, இத்தாலி ஆகிய ஆறு நாடுகள் அக்காலத்தில் ஐரோப்பாவின் வல்லரசுகளாகக் கருதப்பட்டன. 1907 ஆம் ஆண்டளவில் இவை இரண்டு அணிகளாகப் பிரிந்துவிட்டன. ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி ஆகியவை முக்கூட்டணி என்ற அணியிலும், பிரான்சு, ரஷ்யா, பிரித்தானியா ஆகியவை மூவர் நட்புறவு என்ற அணியிலும் இடம்பெற்றன.

இரு அணிகளும் ஏறத்தாழச் சம வலிமை உடையனவாக இருந்தால் எந்த அணியும் போரைத் தொடங்கத் துணியாது என்பது அக்கால அரசியலாளர் பலரின் நம்பிக்கையாக இருந்தது. 1871 முதல் 1914 வரை இந்த ஆறு வல்லரசுகளும் தமக்குள் போரிடவில்லை என்பது இந்நம்பிக்கைக்கு வலுவூட்டியது. ஆனால் 1914 இல் அதே சமநிலை போரைத் தடுக்கத் தவறியது. அது மட்டுமன்றி, பால்கன் பகுதியில் எழுந்த ஒரு பூசலை ஐந்து வல்லரசுகளின் போராக விரிவடையச் செய்ததிலும் கூட்டணி முறைக்குப் பெரும் பங்கு உண்டு.

கருத்துரு

அதிகாரச் சமநிலை என்பது, எந்த ஒரு நாடும் பிற நாடுகள் அனைத்தையும் அடக்கி ஆளும் அளவுக்கு வலிமை பெற்றுவிடாமல் ஏனைய நாடுகள் ஒன்றுசேர்ந்து தடுக்கும் முறை ஆகும். இம்முறை இயங்குவதற்கு ஒரு முக்கிய நிபந்தனை உண்டு. ஒரு நாடு தன் தேவைக்கேற்பப் பக்கம் மாறக்கூடியதாக இருத்தல் வேண்டும். தராசின் ஒரு தட்டு தாழும்போது மறு தட்டுக்கு எடையை மாற்றினால்தான் முள் நடுவில் நிற்கும். எடைகள் தட்டுகளோடு பிணைக்கப்பட்டுவிட்டால், ஒரு புறத்தில் நேரும் சிறு மாற்றத்தையும் ஈடுசெய்ய வழியில்லாமல் போகும். 1871 இற்குப் பிந்தைய ஐரோப்பாவில் படிப்படியாக இந்நிலையே உருவானது.

பின்னணி

நெப்போலியனின் தோல்விக்குப் பிறகு 1815 இல் நிறைவுற்ற வியன்னா மாநாடு, பிரித்தானியா, ரஷ்யா, ஆஸ்திரியா, பிரசியா, பிரான்சு ஆகிய ஐந்து வல்லரசுகளைக் கொண்ட ஒரு சமநிலையை ஏற்படுத்தியது. கிரிமியப் போர் (1853-1856) இவ்வமைப்பைப் பெரிதும் குலைத்தது. பின்னர் இத்தாலியும் ஜெர்மனியும் தனித்தனி அரசுகளாக ஒருங்கிணைந்ததால் நடு ஐரோப்பாவின் வரைபடமே மாறியது.

1870-1871 இல் நடைபெற்ற போரில் பிரான்சு தோற்றது. 1871 சனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையில் ஜெர்மானியப் பேரரசு அறிவிக்கப்பட்டது. பிரான்சு, அல்சாசு பகுதியையும் லொரைன் பகுதியின் ஒரு பாகத்தையும் இழந்ததோடு, 500 கோடி பிராங்குகள் இழப்பீடும் செலுத்த வேண்டியிருந்தது. இழந்த நிலத்தை மீட்கும் எண்ணம் பிரான்சில் மறையவில்லை. எனவே ஜெர்மனியும் பிரான்சும் ஒரே அணியில் சேரும் வாய்ப்பு 1871 இலேயே ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

பிஸ்மார்க்கின் கூட்டணி முறை

ஜெர்மானியச் சான்சலர் ஓட்டோ வான் பிஸ்மார்க், பிரான்சைத் தனிமைப்படுத்துவதையே தம் வெளியுறவுக் கொள்கையின் அடிப்படையாகக் கொண்டார். ஜெர்மனி ஒரே நேரத்தில் மேற்கிலும் கிழக்கிலும் போரிட நேரக்கூடாது என்பது அவருடைய முதன்மைக் கவலையாக இருந்தது. இதற்காக அவர் பின்வரும் ஏற்பாடுகளைச் செய்தார்:

- 1873: ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா ஆகியவற்றின் மூன்று பேரரசர்கள் கழகம்
- 1879: ஆஸ்திரியா-ஹங்கேரியுடன் இருநாட்டுக் கூட்டணி
- 1882: இத்தாலியையும் சேர்த்து முக்கூட்டணி
- 1887: ரஷ்யாவுடன் இரகசிய மறுகாப்புறுதி உடன்படிக்கை

ஆஸ்திரியா-ஹங்கேரியும் ரஷ்யாவும் பால்கன் பகுதியில் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள். இவ்விரு நாடுகளுடனும் ஒரே நேரத்தில் உறவு பேணியதே பிஸ்மார்க்கின் முறையில் கடினமான பகுதியாகும். 1890 மார்ச் மாதத்தில் பேரரசர் இரண்டாம் வில்லியம் பிஸ்மார்க்கைப் பதவியிலிருந்து விலகச் செய்தார். அவருக்குப் பின் வந்தோர் ரஷ்யாவுடனான 1887 ஆம் ஆண்டு உடன்படிக்கையைப் புதுப்பிக்கவில்லை.

இரு அணிகளாகப் பிரிதல்

ஜெர்மனியால் கைவிடப்பட்ட ரஷ்யா பிரான்சை நாடியது. முடியரசு நாடான ரஷ்யாவும் குடியரசு நாடான பிரான்சும் நெருங்குவது அரிது எனக் கருதப்பட்டபோதிலும், 1892 இல் இரு நாட்டுப் படைத்தலைமைகளும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 1894 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பிரான்சிலிருந்து பெருமளவு கடன் ரஷ்யாவுக்குச் சென்றது. பிஸ்மார்க் அஞ்சிய இருமுனைப் போருக்கான சூழல் இவ்வாறு உருவானது.

பிரித்தானியா நெடுங்காலம் எந்த நிரந்தரக் கூட்டணியிலும் சேராமல் இருந்தது. ஜெர்மனி 1898, 1900 ஆகிய ஆண்டுகளில் கடற்படைச் சட்டங்களை இயற்றிப் பெரிய போர்க்கப்பல்களைக் கட்டத் தொடங்கியபின் இந்நிலை மாறியது. உணவுக்கும் மூலப்பொருள்களுக்கும் கடல்வழி வணிகத்தை நம்பியிருந்த பிரித்தானியா, இதைத் தன் இருப்புக்கே நேர்ந்த அச்சுறுத்தலாகக் கண்டது. 1902 இல் சப்பானுடன் கூட்டணி அமைத்தது. 1904 ஏப்ரல் 8 அன்று எகிப்து, மொரோக்கோ தொடர்பான பிணக்குகளைத் தீர்த்துக்கொண்டு பிரான்சுடன் நட்புறவு உடன்பாடு செய்துகொண்டது. 1907 ஆகஸ்ட் 31 அன்று பாரசீகம், ஆப்கானித்தான், திபெத்து ஆகியவை குறித்து ரஷ்யாவுடன் உடன்பாடு கண்டது.

முக்கூட்டணிக்கும் மூவர் நட்புறவுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு இருந்தது. முக்கூட்டணி, குறிப்பிட்ட சூழ்நிலைகளில் படையுதவி அளிக்க உறுப்பு நாடுகளைக் கடமைப்படுத்திய உடன்படிக்கை ஆகும். பிரான்சுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலும் அத்தகைய கடமை இருந்தது. ஆனால் பிரித்தானியா போரில் இறங்கியே தீரவேண்டும் என எந்த ஆவணமும் கூறவில்லை. இதனால் பிரித்தானியா விலகி நிற்கக்கூடும் என ஜெர்மனி எண்ண இடமிருந்தது.

போருக்கு முன் வல்லரசுகளின் வலிமை

மக்கள்தொகையும் தொழில்வளமும்

போருக்கு முந்தைய ஆண்டுகளில் மக்கள்தொகை ஏறத்தாழப் பின்வருமாறு இருந்தது:

- ரஷ்யா: 17 கோடி
- ஜெர்மனி: 6.7 கோடி
- ஆஸ்திரியா-ஹங்கேரி: 5.1 கோடி
- பிரித்தானியா (குடியேற்ற நாடுகள் நீங்கலாக): 4.6 கோடி
- பிரான்சு: 4 கோடி
- இத்தாலி: 3.5 கோடி

மக்கள்தொகை மட்டும் வலிமையை நிர்ணயிக்கவில்லை. 1913 இல் ஜெர்மனியின் எஃகு உற்பத்தி சுமார் 1.76 கோடி டன் ஆகும். அதே ஆண்டில் பிரித்தானியா சுமார் 77 இலட்சம் டன்னும், ரஷ்யா 48 இலட்சம் டன்னும், பிரான்சு 46 இலட்சம் டன்னும், ஆஸ்திரியா-ஹங்கேரி 26 இலட்சம் டன்னும் உற்பத்தி செய்தன. அதாவது, மூவர் நட்புறவு நாடுகள் மூன்றும் சேர்ந்து உற்பத்தி செய்த அளவை ஜெர்மனி தனியொரு நாடாகவே எட்டியிருந்தது. மறுபுறம், உலகளாவிய கடன் வழங்கலிலும் வணிகக் கப்பல் போக்குவரத்திலும் பிரித்தானியாவே முன்னணியில் இருந்தது.

தரைப்படை

அமைதிக்காலத்தில் ரஷ்யப் படையில் சுமார் 14 இலட்சம் வீரர்கள் இருந்தனர். ஜெர்மனியும் பிரான்சும் தலா 7 முதல் 8 இலட்சம் வீரர்களையும், ஆஸ்திரியா-ஹங்கேரி சுமார் நான்கரை இலட்சம் வீரர்களையும் கொண்டிருந்தன. பிரித்தானியா தவிர்த்த ஏனைய வல்லரசுகளில் கட்டாயப் படைச்சேவை நடைமுறையில் இருந்தது. பயிற்சி முடித்து வீடு திரும்பியவர்களைப் போர்க்காலத்தில் மீண்டும் அழைப்பதன் மூலம் படையின் அளவைச் சில வாரங்களில் பன்மடங்காக்க இயலும்.

பிரித்தானியாவின் நிலையான தரைப்படை சுமார் இரண்டரை இலட்சம் வீரர்களை மட்டுமே கொண்ட தொண்டர் படையாகும். அதிலும் கணிசமான பகுதி இந்தியாவிலும் பிற குடியேற்றங்களிலும் நிலைகொண்டிருந்தது. ஐரோப்பாவுக்கு உடனே அனுப்புவதற்கு ஆறு காலாட்படைப் பிரிவுகளும் ஒரு குதிரைப்படைப் பிரிவும் ஒதுக்கப்பட்டிருந்தன.

கடற்படை

1906 இல் பிரித்தானியா வெள்ளோட்டம் விட்ட டிரெட்நாட் என்ற போர்க்கப்பல், ஒரே அளவிலான பெரும் பீரங்கிகளையும் நீராவிச் சுழலிகளையும் கொண்டிருந்தது. அதற்கு முன் கட்டப்பட்ட போர்க்கப்பல்கள் அனைத்தும் அதனால் பழமையாகிவிட்டன. இது பிரித்தானியாவுக்கு முன்னிலை அளித்தபோதிலும், பழைய கப்பல்களில் அது பெற்றிருந்த பெரும் மேலாண்மையின் மதிப்பும் குறைந்தது. ஜெர்மனியும் புதிய வகைக் கப்பல்களைக் கட்டத் தொடங்கியதால் போட்டி மேலும் கடுமையானது. 1914 ஆகஸ்டில் இவ்வகைப் போர்க்கப்பல்கள் பிரித்தானியாவிடம் 20 இற்கு மேலும், ஜெர்மனியிடம் சுமார் 15 உம் இருந்தன.

1912 இல் பிரான்சு தன் முக்கிய கப்பல்களை நடுநிலக் கடலில் குவித்தது. பிரித்தானியா வட கடலில் கவனம் செலுத்தியது. எழுதப்பட்ட போர்க்கடமை இல்லாதபோதிலும், பிரான்சின் வடக்குக் கரையைக் காக்கும் தார்மீகப் பொறுப்பு இதனால் பிரித்தானியாவுக்கு ஏற்பட்டது.

சமநிலையைச் சோதித்த நெருக்கடிகள்

1905 முதல் 1913 வரை நிகழ்ந்த பல நெருக்கடிகள் போரின்றியோ, வல்லரசுகள் நேரடியாக மோதாமலோ முடிவுற்றன. ஆனால் ஒவ்வொன்றும் அடுத்த நெருக்கடியில் விட்டுக்கொடுக்கும் வாய்ப்பைக் குறைத்தது.

- முதல் மொரோக்கோ நெருக்கடி (1905-1906): ரஷ்யா சப்பானிடம் தோற்று வலுவிழந்திருந்த நேரத்தில், பிரித்தானியாவையும் பிரான்சையும் பிரிக்க ஜெர்மனி முயன்றது. அல்சிராசு மாநாட்டில் வல்லரசுகளில் ஆஸ்திரியா-ஹங்கேரி மட்டுமே ஜெர்மனிக்கு ஆதரவளித்தது. பிரித்தானிய-பிரெஞ்சுப் படைத்துறை உரையாடல்கள் இக்காலத்திலேயே தொடங்கின.
- பொசுனிய நெருக்கடி (1908-1909): ஆஸ்திரியா-ஹங்கேரி, பொசுனியா-எர்செகோவினாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. ஜெர்மனியின் அழுத்தத்தால் ரஷ்யா பணிந்தது. மீண்டும் ஒருமுறை பணியக்கூடாது என்ற எண்ணம் ரஷ்ய அரசியலில் வேரூன்றியது.
- இரண்டாம் மொரோக்கோ நெருக்கடி (1911): அகாதிர் துறைமுகத்துக்கு ஜெர்மனி ஒரு போர்க்கப்பலை அனுப்பியது. பிரித்தானியா பிரான்சின் பக்கம் நின்றது. இறுதியில் ஜெர்மனிக்குப் பிரெஞ்சுக் காங்கோவின் சில பகுதிகள் மட்டுமே கிடைத்தன.
- பால்கன் போர்கள் (1912-1913): ஒட்டோமான் பேரரசு தன் ஐரோப்பிய நிலத்தில் பெரும்பகுதியை இழந்தது. செர்பியாவின் பரப்பளவு ஏறக்குறைய இரு மடங்கானது. இலண்டனில் கூடிய தூதர்கள் மாநாடு, வல்லரசுகள் இப்போர்களில் இறங்குவதைத் தவிர்க்க உதவியது.

கடைசியாகக் குறிப்பிட்ட நிகழ்வு, வல்லரசுகள் விரும்பினால் 1913 இல்கூட அமைதியைக் காக்க முடிந்தது என்பதைக் காட்டுகிறது. எனவே 1914 இன் போர் முன்னரே விதிக்கப்பட்ட ஒன்று எனக் கொள்வது பொருந்தாது.

எதிர்காலச் சமநிலை குறித்த அச்சம்

1914 இல் இரு அணிகளும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. ஆனால் அரசுகள் அன்றைய சமநிலையை மட்டும் கணக்கிடவில்லை. மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அது எவ்வாறு இருக்கும் என்பதையும் கணக்கிட்டன.

1905 இன் தோல்வியிலிருந்து ரஷ்யா விரைவாக மீண்டது. பிரெஞ்சுக் கடனுதவியுடன் மேற்கு எல்லையை நோக்கித் தொடர்வண்டிப் பாதைகள் அமைக்கப்பட்டு வந்தன. 1914 கோடையில் ஒப்புதல் பெற்ற "பெருந்திட்டம்", 1917 அளவில் அமைதிக்காலப் படையில் நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கூடுதலாகச் சேர்ப்பதை நோக்கமாகக் கொண்டிருந்தது. ஜெர்மனி 1913 இல் தன் படையைப் பெருமளவு விரிவாக்கியது. அதே ஆண்டு பிரான்சு படைச்சேவைக் காலத்தை இரண்டு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாக உயர்த்தியது. ஒவ்வொரு நாடும் தன் நடவடிக்கையைத் தற்காப்பு என்றது. எதிரணி அதையே தாக்குதலுக்கான ஆயத்தம் எனக் கொண்டது.

ஜெர்மானியத் தரைப்படைத் தலைமைத் தளபதி எல்முட் வான் மோல்ட்கே, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் எதிரிகளை வெல்ல முடியாத நிலை வரும் என்றும், அதற்கு முன்பே போரிடுவது நல்லது என்றும் 1914 இல் வெளியுறவுச் செயலரிடம் கூறியதாக அச்செயலர் பின்னர் பதிவு செய்துள்ளார். ஆஸ்திரியா-ஹங்கேரியின் கவலை வேறு வகையானது. பல தேசிய இனங்களைக் கொண்ட அப்பேரரசு, வளர்ந்துவரும் செர்பியா தன் நாட்டிலுள்ள தென் சிலாவிய மக்களைக் கவர்ந்திழுக்கும் என அஞ்சியது. பிரான்சோ, ரஷ்யாவின் நட்பை இழந்தால் தான் ஜெர்மனியின் முன் தனித்து நிற்க நேரும் என அஞ்சியது.

ஆகவே 1914 இல் வல்லரசுகளை இயக்கியது, எதிரியை எளிதில் வெல்லலாம் என்ற துணிவு மட்டும் அன்று. காலம் தாழ்ந்தால் தன் நிலை இன்னும் மோசமாகும் என்ற அச்சமும் அதற்கு இணையான காரணமாக இருந்தது.

போர்த் திட்டங்களும் கால நெருக்கடியும்

ஜெர்மனியின் போர்த் திட்டம், முன்னாள் தலைமைத் தளபதி ஆல்பிரட் வான் சிலீபனின் பெயரால் அறியப்படுகிறது. பரந்த ரஷ்யா தன் படையைத் திரட்டப் பல வாரங்கள் எடுக்கும். அதற்குள், ஏறத்தாழ ஆறு வாரங்களில், பெல்ஜியம் வழியாகச் சென்று பிரான்சை வீழ்த்திவிட்டுப் பின் கிழக்கே திரும்ப வேண்டும் என்பது இதன் சாரம்.

இத்திட்டத்தில் மூன்று சிக்கல்கள் இருந்தன. முதலாவதாக, ரஷ்யா படைதிரட்டலைத் தொடங்கினால் ஜெர்மனியால் காத்திருக்க இயலாது. பேச்சுவார்த்தைக்குச் செலவாகும் ஒவ்வொரு நாளும் திட்டத்தின் காலக்கணக்கைக் குலைக்கும். இரண்டாவதாக, பூசல் கிழக்கில் தோன்றினாலும் முதல் தாக்குதல் மேற்கிலேயே நிகழும். மூன்றாவதாக, பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு 1839 ஆம் ஆண்டு இலண்டன் உடன்படிக்கை மூலம் பிரித்தானியாவும் பிரசியாவும் உள்ளிட்ட வல்லரசுகள் உறுதியளித்திருந்தன. அதை மீறுவது பிரித்தானியாவைப் போருக்குள் இழுக்கும்.

படைதிரட்டல் முழுவதும் தொடர்வண்டிகளின் கால அட்டவணையைச் சார்ந்திருந்தது. 1914 ஆகஸ்ட் 2 முதல் 18 வரை கொலோன் நகரில் ரைன் ஆற்றின் மீதுள்ள பாலத்தைச் சுமார் 10 நிமிடங்களுக்கு ஒரு படைத் தொடர்வண்டி கடந்தது. ஆகஸ்ட் 1 அன்று, பிரித்தானியா நடுநிலை வகிக்கக்கூடும் என்ற தவறான செய்தி வந்தபோது, படையைக் கிழக்கே மட்டும் திருப்ப இயலுமா எனப் பேரரசர் வினவினார். அவ்வாறு செய்தால் ஒழுங்கற்ற கூட்டமே எஞ்சும் என மோல்ட்கே மறுத்துவிட்டார்.

1914 சூலை நெருக்கடி

- சூன் 28: ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்சு பெர்டினாண்டு சாரயேவோவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.
- சூலை 5-6: ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு ஜெர்மனி நிபந்தனையற்ற ஆதரவளித்தது. தொகை நிரப்பாமல் கையெழுத்திட்ட காசோலை என வரலாற்றாளர்கள் இதை வருணிப்பர்.
- சூலை 23: செர்பியாவுக்கு 48 மணிநேரக் கெடுவுடன் இறுதி எச்சரிக்கை அளிக்கப்பட்டது.
- சூலை 28: ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது.
- சூலை 30: ரஷ்யா பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டது.
- ஆகஸ்ட் 1: ஜெர்மனி ரஷ்யா மீது போர் அறிவித்தது.
- ஆகஸ்ட் 3: ஜெர்மனி பிரான்சு மீது போர் அறிவித்தது.
- ஆகஸ்ட் 4: ஜெர்மானியப் படைகள் பெல்ஜியத்தில் நுழைந்தன. பிரித்தானியா ஜெர்மனி மீது போர் அறிவித்தது.

ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா மீது போர் அறிவித்தது ஆகஸ்ட் 6 அன்றுதான். பூசலின் மையத்தில் இருந்த இவ்விரு நாடுகளும் முறைப்படி போரில் இறங்குவதற்கு முன்பே மேற்கு ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டது. கூட்டணிகளும் போர்த் திட்டங்களும் ஒன்றோடொன்று பிணைந்திருந்ததன் விளைவு இதுவாகும்.

கணிப்புகளும் நடந்தவையும்

போருக்கு முந்தைய கணக்குகளில் பல பொய்த்தன. முக்கூட்டணியின் உறுப்பு நாடான இத்தாலி, கூட்டணி தற்காப்புக்கு மட்டுமே உரியது எனக் கூறி நடுநிலை வகித்தது. 1915 மே மாதத்தில் எதிரணியில் சேர்ந்தது. எந்த அணியிலும் இல்லாத ஒட்டோமான் பேரரசு 1914 இன் இறுதியில் ஜெர்மனியின் பக்கம் போரில் இறங்கியது. ரஷ்யா எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கிழக்குப் பிரசியாவைத் தாக்கியது. ஆனால் ஆகஸ்ட் இறுதியில் தானன்பர்க்கில் பெருந்தோல்வி கண்டது. செப்டம்பரில் மார்ன் ஆற்றங்கரையில் ஜெர்மானியப் படைகள் தடுக்கப்பட்டதுடன் ஆறு வாரத் திட்டம் முடிவுக்கு வந்தது.

இரு தரப்பும் சம வலிமையுடன் இருந்ததால் எத்தரப்பாலும் விரைந்து வெல்ல இயலவில்லை. போரைத் தடுக்கும் என நம்பப்பட்ட சமநிலை, போர் தொடங்கியபின் அதை நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீட்டித்தது. 1917 ஏப்ரலில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் போரில் நுழைந்தது, அணிகளின் வலிமையைத் தீர்க்கமாக மாற்றிய நிகழ்வுகளுள் ஒன்றாகும். 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் இப்போரில் உயிரிழந்தனர். ரஷ்ய, ஜெர்மானிய, ஆஸ்திரிய-ஹங்கேரிய, ஒட்டோமான் பேரரசுகள் மறைந்தன.

ஐரோப்பியச் சமநிலையின் முறிவு குடியேற்ற நாடுகளையும் தாக்கியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பிரித்தானியாவின் பொருட்டு வெளிநாட்டுப் போர்முனைகளுக்கு அனுப்பப்பட்டனர். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. துணிவும் தந்திரமும் மிக்கவரை "எம்டன்" என அழைக்கும் பேச்சு வழக்கு தமிழில் இந்நிகழ்விலிருந்தே தோன்றியது.

வரலாற்றாளர்களின் கருத்துகள்

1919 ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கையின் 231 ஆம் பிரிவு, போரினால் விளைந்த இழப்புகளுக்கான பொறுப்பை ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் சுமத்தியது. பின்னர், கூட்டணி முறையே போருக்குக் காரணம் என்ற கருத்து பரவியது. ஜெர்மானிய வரலாற்றாளர் பிரிட்சு பிசர் 1961 இல் வெளியிட்ட நூலில், ஜெர்மனியின் விரிவாக்க நோக்கங்களே முதன்மைக் காரணம் என வாதிட்டார். இது பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது. கிறிசுடோபர் கிளார்க் 2012 இல் வெளியிட்ட நூல், பொறுப்பு பல தலைநகரங்களில் பகிர்ந்திருந்தது எனக் கூறுகிறது.

அதிகாரச் சமநிலை தானாகவே போரை உண்டாக்குவதும் இல்லை, தானாகவே அமைதியைக் காப்பதும் இல்லை. 1913 இல் இருந்த அதே அணிகளும் ஏறத்தாழ அதே வலிமையுமே 1914 இலும் இருந்தன. ஆனால் முந்தைய ஆண்டில் வல்லரசுகள் தத்தம் கூட்டாளிகளைக் கட்டுப்படுத்தின. 1914 இல் அவ்வாறு செய்யவில்லை. சமநிலை எனும் அமைப்போடு, அதைக் கையாண்டோரின் முடிவுகளையும் சேர்த்து ஆராய்வது இதனால் இன்றியமையாததாகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- முதல் உலகப் போர்
- வியன்னா மாநாடு
- ஓட்டோ வான் பிஸ்மார்க்
- பால்கன் போர்கள்
- வெர்சாய் உடன்படிக்கை
- எம்டன் போர்க்கப்பல்